பிளக் உடைந்தால் புத்தகமும் செத்துப்போக வேண்டுமா?

"அப்பா, அது ஏழு வருசப் பழசு. விடுங்கோ. நான் புதுசு ஒண்டு ஓடர் பண்ணி விடுறன்."

மகள் ரெலிபோனில் சொன்னது. அன்பாகத்தான் சொன்னாள். ஆனாலும் அன்று முழுக்க எனக்குக் கோபம். மகளில் அல்ல... அந்தச் சொல்லில். "விடுங்கோ." யேர்மனிக்கு வந்த நாளிலிருந்து எத்தனை பேர், எத்தனை விதமாக, இந்தச் சொல்லை எனக்குச் சொல்லிவிட்டார்கள்!

விசயம் இதுதான். 2018 இல் எனது பிறந்தநாளுக்கு மகள் ஒரு ஈ-றீடர் வாங்கித் தந்தாள். ஆறு அங்குலத் திரை. கண்ணைக் குத்தாத வெளிச்சம். முதலில் "புத்தகம் என்றால் மணக்க வேண்டும், இதென்ன சிலேட்டு மாதிரி" என்று நக்கலடித்தேன். ஒரு மாதத்தில் அது இல்லாமல் நித்திரை வராது என்ற நிலைக்கு வந்துவிட்டேன். 2025 மாரியில் ஒருநாள், அதைச் சார்ச்சில் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். பேரப்பிள்ளை ஓடிவந்து வயரில் கால் தடக்கி விழுந்தான். பிள்ளைக்கு ஒன்றுமில்லை. ஈ-றீடர் மேசையிலிருந்து விழுந்து, வயரிலேயே தொங்கியது. அதற்குப் பிறகு பிளக் செருகும் வாய் ஆடத் தொடங்கியது. இரண்டு நாள் வயரை வளைத்து, புத்தகத்தை மேலே பாரமாக வைத்து, எப்படியோ சார்ச் ஏற்றினேன். மூன்றாம் நாள் அதுவும் முடிந்தது.

நகரத்தில் உள்ள பெரிய கடையொன்றுக்குக் கொண்டு போனேன். பெயர் வேண்டாம். அங்கே நின்ற பிள்ளை மரியாதையாகத்தான் பேசினாள். "உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது. இதை நாங்கள் திருத்துவதில்லை. உதிரிப்பாகமும் வருவதில்லை. பழையதைத் தந்தால் புதியதற்குக் கொஞ்சம் விலை குறைக்கலாம்." சொல்லிக்கொண்டே மேசைக்குக் கீழே இருந்து ஒரு பெட்டியை இழுத்தாள். அதற்குள் என்னுடையதைப் போலவே பத்துப் பன்னிரண்டு கிடந்தன. பார்த்தால் எல்லாமே முழுசாக இருந்தன. ஒன்றிலும் திரை உடையவில்லை. அதற்குள் எத்தனைக்கு என்னுடையதைப் போல வாய் மட்டும் உடைந்திருக்கும்?

நான் கொடுக்கவில்லை. பொக்கற்றில் வைத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

"புதுசு நூறு நூற்றைம்பது யூரோ தானே, இதற்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று நீங்கள் கேட்பீர்கள். என் மனைவியும் அதைத்தான் கேட்டாள். சொல்கிறேன்.

அந்தச் சிலேட்டுக்குள் ஏறத்தாழ நானூறு தமிழ் நூல்கள் இருந்தன. கடையில் வாங்கியவை அல்ல. எங்கள் ஊர்ச் சஞ்சிகைகள், பாடசாலை மலர்கள், யாரோ ஒரு வாத்தியார் தன் சொந்தக் காசில் அச்சடித்த கவிதைப் புத்தகங்கள் எல்லாம் யேர்மனியில் எந்தக் கடையில் விற்கும்? 1998 பொங்கலோடு தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டமும் இல்லையென்றால் என்னைப் போன்றவர்கள் இங்கே இருந்து இவற்றைக் கண்ணாலும் கண்டிருக்க மாட்டோம். இரவில் வேலை முடிந்து வந்து, கொம்பியூட்டரில் இறக்கி, வயரால் ஈ-றீடருக்குள் ஏற்றுவேன். வயரால். இந்தச் சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

அந்த நூல்கள் போனால் திரும்பவும் இறக்கலாம், உண்மைதான். ஆனால் வாசிக்கும்போது நான் அதற்குள் எழுதி வைத்த குறிப்புகள்? எங்கள் ஊர்க் குளங்களின் பெயர்கள், ஒழுங்கைகளின் பெயர்கள், எந்த மலரில் யாருடைய படம் இருக்கிறது, அவர் எனக்கு என்ன உறவு... ஏழு வருசக் குறிப்புகள். இந்தப் பக்கத்தில் நான் எழுதும் ஊர் நினைவுகளில் பாதி அதிலிருந்து வந்தவை. அதைப் பிரதி எடுத்து வைக்காதது என் மொக்குத்தனம், ஒத்துக்கொள்கிறேன்.

1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது எனக்குப் பதினான்கு வயது. தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் என்று சொல்வார்கள். ஒரு உடைந்த பிளக்கை அதோடு ஒப்பிடுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஒப்பிடவில்லை. அந்த வயதில் சாம்பலைப் பார்த்தவனுக்கு, "விடுங்கோ, புதுசு வாங்கலாம்" என்ற கதை இலேசில் காதுக்குள் இறங்காது என்று மட்டும் சொல்கிறேன்.

சரி, உடைந்தது எது? அதைத் தெரியாமல் கோபப்படுவதில் அர்த்தமில்லை.

என்னுடையது பழைய மைக்ரோ யூஎஸ்பி வாய். அதற்குள் ஐந்து கால்கள். ஒன்று ஐந்து வோல்ற் மின்சாரம், ஒன்று எதிர்முனை, இரண்டு தரவு போய்வர, மற்றது சாதனத்தை அடையாளம் காண. ஒரு காலுக்கும் அடுத்த காலுக்கும் இடைவெளி 0.65 மில்லிமீற்றர். அந்த வாயைச் சுற்றி ஒரு தகரக்கூடு. உண்மையில் பாரத்தைத் தாங்க வேண்டியது அந்தக் கூடுதான். அதன் காதுகள் சேர்க்கிட் போட்டில் ஈயத்தால் ஒட்டப்பட்டிருக்கும். அந்த ஒட்டு வெடித்தால் பிறகு இழுக்கிற இழுப்பெல்லாம் மயிர்போன்ற ஐந்து கால்களில்தான் விழும். கால் தனியே வராது. தனக்குக் கீழே போட்டில் ஒட்டியிருக்கும் செப்புத் திட்டையும் உரித்துக்கொண்டு வரும். அந்தச் செப்பு எவ்வளவு தடிப்பு தெரியுமா? வழக்கமான போட்டில் 35 மைக்ரோன் அளவு. ஒரு மில்லிமீற்றரை இருபத்தெட்டாகப் பிரித்தால் அதில் ஒன்று.

ஆக, திரை நல்லம். பற்றரி நல்லம். மூளை நல்லம். நானூறு நூல்களும் நல்லம். ஒரு யூரோவுக்கும் குறைந்த விலையுள்ள ஒரு தகர வாயும், கடுகளவு செப்பும்தான் போய்விட்டது. அதற்காக முழுவதையும் அந்தப் பெட்டிக்குள் எறியச் சொல்கிறார்கள்! வாசல் கொளுக்கி கழன்றால் வீட்டை இடிப்போமா?

இந்த இடத்தில் ஊர்க்கதை கொஞ்சம் சொல்ல வேண்டும்.

1990 யூனில் திரும்பவும் சண்டை தொடங்கியதும் குடாநாட்டுக்குக் கரன்ட் நின்றது. பெற்றோல் இல்லை. பற்றரி தடைப்பட்ட பொருள். ஒரு ரோச் பற்றரி கொண்டுவந்தாலே சோதனைச் சாவடியில் கதை முடிந்தது. அந்தக் காலத்தில் எங்கள் சந்தியில் றேடியோக் கடை வைத்திருந்த அண்ணையிடம் நான் எடுபிடி. சம்பளம் இல்லை. மத்தியானம் அவர் வீட்டில் சோறு. அவர் எறிந்த பொருள் ஒன்றைக்கூட நான் கண்டதில்லை. செத்த றேடியோவிலிருந்து கழற்றிய உறுப்புகள் ஹோர்லிக்ஸ் போத்தல்களில் தரம் பிரித்து நிற்கும். சோல்டரிங் அயனுக்குக் கரன்ட் எங்கே? செப்புக் கட்டை பூட்டிய கம்பியைச் சிரட்டைக் கரியில் காய்ச்சித்தான் ஈயம் பற்றவைப்போம். சூடு கூடினால் போட்டில் செப்பு உரியும். குறைந்தால் ஈயம் ஒட்டாமல் உருண்டு நிற்கும். எது சரியான சூடு என்று அளக்க மீற்றர் கிடையாது. ஈயம் மினுங்குகிற விதத்தைப் பார்த்துத்தான் பழக வேண்டும்.

பின்னேரத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வரும் கரன்டில் பிபிசி தமிழோசை கேட்போம். சுற்றுபவர் களைத்தால் செய்தியும் களைக்கும். அந்த டைனமோவை நேரே றேடியோவுக்குக் கொடுத்தால் எரிந்துவிடும். இடையில் டயோட்டும் கப்பாசிற்றரும் போட்டு, ஏறி இறங்கும் மின்சாரத்தை நேராக்கிக் கொடுப்பது அண்ணையின் கைவேலை. எந்தப் பொறியியற் கல்லூரியிலும் அவர் படிக்கவில்லை. ஒரு ஊரே உலகச் செய்தி கேட்டது அவருடைய கையால்தான்.

1992 இல் நான் யேர்மனிக்கு வந்தேன். அகதி ஹைமில் ஒரு அறைக்குள் நாலு பேர். மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது. செய்வதற்கு வேலை இல்லை. யேர்மன்காரர்கள் பெரிய கழிவுப் பொருட்களை வீதியோரத்தில் வைக்கும் ஸ்பெர்முல் நாள் வந்தது. நான் வாயைப் பிளந்து நின்றேன். ரெலிவிஷன், றேடியோ, கசெற் றெக்கோடர்... எல்லாம் மழையில் நனைந்துகொண்டு நின்றன. இரவில் ஒரு கலர் ரெலிவிஷனை இரண்டு பேராகத் தூக்கி வந்தோம். பின்பக்கம் கழற்றிப் பார்த்தால், பெரிய ட்ரான்ஸ்போமரின் காலடியில் ஈயம் வட்டமாக வெடித்திருந்தது. வேறொன்றும் இல்லை. இங்கே அதற்குக் "கல்ட்ட லோட்ஸ்ரெல" என்று பெயர். குளிர்ந்த ஒட்டு. ஒரு சொட்டு ஈயம் வைத்தேன். படம் வந்தது. அன்றிரவு அந்த அறைக்குள் பதினைந்து பேர். ஈழத்தவர், குர்திஸ்காரர், ஒரு பொஸ்னியக் குடும்பம். ஒருவருக்கும் டொச் விளங்காது. ஆனாலும் பார்த்தோம்.

அதற்குப் பிறகு ஹைமில் எனக்குப் பெயரே "றேடியோ". பக்கத்து நகரத்தில் ரெலிவிஷன் திருத்தும் கடை வைத்திருந்த ஒரு யேர்மன் கிழவர் கேள்விப்பட்டு, என்னை வேலைக்கு எடுக்கத் தயார் என்றார். அந்தக் காலத்து விதிப்படி, அந்த வேலைக்கு யேர்மன்காரரோ ஐரோப்பியரோ கிடைக்காவிட்டால்தான் அகதிக்கு அனுமதி. விண்ணப்பித்த அலுவலகத்தில் ஐந்து கிழமைக்குப் பிறகு ஒரு கடிதம் வந்தது. மறுப்பு. கிழவர் தோளைக் குலுக்கினார். நான் உணவகம் ஒன்றின் பின்பக்கத்தில் கோப்பை கழுவப் போனேன். அதற்கு மட்டும் எந்த ஐரோப்பியரும் போட்டிக்கு வரவில்லை!

பிறகு விசா கிடைத்தது. சொந்தமாகத் திருத்தும் கடை போடலாமா என்று விசாரித்தேன். மைஸ்ரர் பட்டம் வேண்டும் என்றார்கள். 2004 இல் கைத்தொழிற் சட்டத்தைத் தளர்த்தி, மைஸ்ரர் கட்டாயமான தொழில்களை 94 இலிருந்து 41 ஆகக் குறைத்தார்கள். என்னுடைய தொழில் அந்த நாற்பத்தொன்றுக்குள்ளேயே நின்றுவிட்டது. 2012 இல் வெளிநாட்டுக் கல்வியை அங்கீகரிக்கும் சட்டம் வந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் அங்கீகரிக்க முதலில் ஒரு கடதாசி வேண்டுமே? சிரட்டைக் கரியில் படித்தவனுக்கு யார் கடதாசி தருவார்?

மைஸ்ரர் முறையே கூடாது என்று நான் சொல்லவில்லை. மின்சாரம் விளையாட்டுச் சாமான் அல்ல. ஒழுங்காகப் படித்தவர் செய்ய வேண்டும் என்பதில் நியாயம் இருக்கிறது. நான் கேட்பது வேறு. கையில் வேலை இருக்கிறவனை ஒரு மேசையில் இருத்தி, உடைந்த போட் ஒன்றைக் கொடுத்து, "செய்து காட்டு" என்று சோதித்துப் பார்க்கவாவது ஒரு வழி எனக்குத் திறந்திருக்கக் கூடாதா? முப்பது வருசத்தில் ஒருவரும் என்னை அப்படிக் கேட்டதில்லை.

கேட்டது யார் என்றால், ஒரு தேவாலய மண்டபத்தில் இருந்த எழுபத்தாறு வயதுப் பெரியவர்.

ஒவ்வொரு மாதமும் மூன்றாம் சனிக்கிழமை அங்கே றெப்பறாட்டூர் கஃபே நடக்கும். 2009 இல் அம்ஸ்ரர்டாமில் மார்ட்டின போஸ்ற்மா என்ற பெண்மணி தொடக்கிவைத்தது. இன்று யேர்மனியில் மட்டும் ஆயிரத்துக்கும் மேல் இப்படியான இடங்கள் இருக்கின்றன. காசு இல்லை, விரும்பினால் உண்டியலில் போடலாம். கேக்கும் கோப்பியும் உண்டு. ஈ-றீடரைக் கொண்டுபோனேன். என்னிடம் வீட்டில் மல்ரிமீற்றரும் அயனும் இருக்கிறது. நுணுக்குக்காட்டியும் சூட்டுக்காற்று ஊதியும் இல்லை. அவரிடம் இருந்தது. ஓய்வுபெற்ற பொறியியலாளர்.

கிற்றார் வாசிக்கும் சின்னத் தகட்டால் விளிம்பைச் சுற்றிக் கிளிப்புகளைக் கழற்றினோம். இது பயமான வேலை. ஈ-மை திரைக்குள் மெல்லிய கண்ணாடி இருக்கிறது. கொஞ்சம் வளைத்தால் வெடிக்கும். முதல் வேலையாகப் பற்றரி இணைப்பைப் பிரித்தோம். பிறகு நுணுக்குக்காட்டியில் பார்த்தார். "ம்... இரண்டு திட்டு இல்லை" என்றார். ஐந்து வோல்ற் கால் ஒன்று. தரவுக் கால் ஒன்று.

"சார்ச் மட்டும் ஏறினால் போதுமா? அப்படியென்றால் சுகம். தரவை விட்டுவிடலாம்" என்றார்.

இங்கேதான் அந்த வயர் வருகிறது. கடையில் புத்தகம் வாங்குகிறவனுக்குத் தரவுக் கால் தேவையில்லை. காற்றில் வைபையால் வந்து இறங்கும். எனக்கு அப்படி இல்லை. என் மொழியின் நூல்கள் அந்த வயரால்தான் வரும். என் குறிப்புகளும் அந்த வயரால்தான் வெளியே போகும். "இல்லை, இரண்டும் வேண்டும்" என்றேன்.

அவர் தன் கையை நீட்டிக் காட்டினார். நடுங்கியது. "என் கண் இன்னும் வேலை செய்கிறது. கை இல்லை. நீங்கள் ஈயம் வைப்பீர்களா?"

வைத்தேன்.

சூட்டுக்காற்றால் பழைய வாயைக் கழற்றினோம். பக்கத்தில் இருந்த பிளாஸ்ரிக் இணைப்புகள் உருகாமல் இருக்க வெப்பம் தாங்கும் நாடா ஒட்டினோம். பழைய ஈயத்தைச் செப்புப் பின்னலால் உறிஞ்சி எடுத்து, அல்ககோலால் துடைத்தோம். ஐந்து வோல்ற் பாதை எங்கே போகிறது என்று மல்ரிமீற்றரால் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுத் தேடினோம். பக்கத்துக் கப்பாசிற்றர் ஒன்றில் "பீப்" என்றது. தரவுப் பாதைக்கு அப்படி வசதியான இடம் இல்லை. பச்சைப் பூச்சைக் கத்தி நுனியால் இரண்டு மில்லிமீற்றர் சுரண்டி, கீழே மினுங்கிய செப்பில் ஈயம் பூசினேன். தலைமயிர்போன்ற இனாமல் வயரால் புதிய வாயின் கால்களையும் இந்தப் புள்ளிகளையும் இணைத்தேன். கூட்டின் காதுகளுக்கு மட்டும் தாராளமாக ஈயம். அங்கே கஞ்சத்தனம் செய்ததால்தானே முதலே உடைந்தது.

இந்த ஈயக் கதையிலும் ஒன்று இருக்கிறது. ஐரோப்பாவில் 2006 யூலை முதல் இப்படியான சாதனங்களில் ஈயம் கலந்த பற்றாசுக்குத் தடை. உடல்நலத்துக்கு நல்லது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் பழையது 183 பாகையில் உருகும். இப்போதுள்ள வெள்ளீயக் கலவை 217 பாகையைத் தாண்ட வேண்டும். அந்த மேலதிகச் சூட்டில் செப்புத் திட்டு உரியும் ஆபத்தும் கூடுகிறது. பழக்கமான கை இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிற காலத்தில்தான் அந்தக் கைகளைத் தெருவில் விட்டிருக்கிறோம்.

பற்றரியைக் கொழுவ முதல், மின்சாரக் காலும் எதிர்முனையும் தொடுகிறதா என்று இரண்டு தரம் பார்த்தோம். தொடவில்லை. கொழுவினோம். சின்ன விளக்கு எரிந்தது. ஆனால் கொம்பியூட்டரில் செருகினால் ஒன்றும் தெரியவில்லை. தரவு ஒட்டு குளிர்ந்த ஒட்டு! முப்பது வருசத்துக்கு முந்தி ஸ்பெர்முல் ரெலிவிஷனில் கண்ட அதே நோய், இந்தமுறை என் கையால். வெட்கமாகப் போய்விட்டது. திரும்பக் கழற்றி, பிசின் வைத்து, திரும்ப ஒட்டினேன். கொம்பியூட்டர் "டிங்" என்றது. கடைசியில் வயர் அசையாமல் இருக்கப் பச்சைப் பூச்சுப் பூசி, ஊதாக்கதிர் விளக்கில் காயவைத்தோம். மொத்தம் இரண்டே கால் மணித்தியாலம்.

"எங்கே படித்தீர்கள்?" என்று கேட்டார். "யாழ்ப்பாணத்தில். கரன்ட் இல்லாமல்" என்றேன். சிரித்தார். பிறகு மற்ற மேசையில் இருந்தவரைக் கூப்பிட்டு, என்னைக் காட்டி, "எங்கள் புதிய சகதொழிலாளி" என்றார். இந்த நாட்டில் என் தொழிலைச் சொல்லி என்னை ஒருவர் அறிமுகப்படுத்தியது அதுதான் முதல் தரம்.

இனி என் வழக்கைச் சொல்கிறேன்.

ஐரோப்பிய ஒன்றியம் ஒரு சட்டம் போட்டது. 2024 டிசம்பர் 28 முதல் புதிதாக விற்பனைக்கு வரும் போன், ராப்ளெற், ஈ-றீடர் எல்லாவற்றுக்கும் ஒரே வாய், யூஎஸ்பி-சி. ஈ-றீடர் என்று பெயர் சொல்லியே போட்டிருக்கிறார்கள். நல்லது. அதே ஒன்றியம் அதே 2024 இல் "திருத்தும் உரிமை"ச் சட்டத்தையும் நிறைவேற்றியது. 2026 யூலை 31 முதல் நடைமுறை என்று அதற்கு நாளும் குறித்தது. உத்தரவாதம் முடிந்த பிறகும் உற்பத்தியாளர் நியாயமான விலையில் திருத்திக் கொடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. எதையெதை? சலவை இயந்திரம், குளிர்பெட்டி, தூசி உறிஞ்சி, போன், ராப்ளெற்... அந்தப் பட்டியலில் ஈ-றீடர் என்ற பெயர் இல்லை. ராப்ளெற் என்று சேர்த்துக்கொள்ளலாமா என்றால், ராப்ளெற்றுக்கான விதி ஏழு அங்குலத் திரையிலிருந்துதான் தொடங்குகிறது. என்னுடையது ஆறு.

விளங்குகிறதா நண்பர்களே? வாய் எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்று ஈ-றீடருக்குச் சட்டம் இருக்கிறது. அந்த வாய் உடைந்தால் திருத்திக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இல்லை!

எறிவதற்கு எவ்வளவு வசதி செய்திருக்கிறார்கள் பாருங்கள். 2022 யூலை முதல், இலத்திரனியல் சாமானும் விற்கிற பெரிய சுப்பர்மார்க்கெற்றுகள்கூடச் சின்னச் சாதனங்களைத் திரும்ப எடுக்க வேண்டும். பால் வாங்கப் போகும்போது எறிந்துவிட்டு வரலாம். திருத்துவதற்கு? மாதத்தில் ஒரு சனிக்கிழமை, தேவாலய மண்டபத்தில், கை நடுங்கும் பென்சன்காரர்கள். 2022 இல் மட்டும் உலகம் 62 மில்லியன் தொன் மின்கழிவைக் கொட்டியது என்று ஐநா கணக்குச் சொல்கிறது. அதில் ஒழுங்காகச் சேகரித்து மீள்சுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 வீதம். குப்பைத்தொட்டிகள் கூடினால் மட்டும் இது தீராது.

"யேர்மனியில் மணித்தியாலக் கூலி கூட, திருத்தினால் கட்டுப்படியாகாது" என்பார்கள். உண்மை. இரண்டே கால் மணித்தியாலத்துக்கு ஒழுங்கான கூலி கொடுத்தால் புதிய ஈ-றீடரின் விலை வந்துவிடும். ஆனால் அந்த நேரத்தில் பாதி எதற்குப் போனது? எந்தப் பாதை எங்கே போகிறது என்று தேடுவதற்கு! அந்தப் போட்டின் வரைபடம் உற்பத்தியாளரிடம் இருக்கிறது. தந்திருந்தால் பத்து நிமிசத்தில் தெரிந்திருக்கும். வாயைத் தனிச் சின்னப் போட்டில் வைத்துச் செய்திருந்தால், பழையதைக் கழற்றிப் புதியதைக் கொழுவினால் கதை முடிந்தது. கட்டுப்படியாகாத விதமாகச் செய்துவிட்டு, கட்டுப்படியாகாது என்று நமக்கே பாடம் எடுக்கிறார்கள்.

முடியாத காரியமும் அல்ல. 2024 இல் கோபோ நிறுவனம் ஐபிக்சிற்றோடு சேர்ந்து, தன்னுடைய புதிய ஈ-றீடர்களுக்கு உதிரிப்பாகமும் திருத்தும் வழிகாட்டியும் தருவதாக அறிவித்தது. ஒருவருக்கு முடியுமென்றால் மற்றவர்களுக்கு ஏன் முடியாது? ரூரிங்கன் மாநிலம் 2021 இல், ஒஸ்ரியா 2022 இல், சக்சன் 2023 இல், பெர்லின் 2024 இல் என்று, திருத்தக் கூலியில் பாதியை அரசு தரும் திட்டங்களை அடுத்தடுத்துத் தொடங்கிப் பார்த்தார்கள். 2027 பெப்ரவரி 18 முதல் பற்றரியை நாமே மாற்றக்கூடியதாகச் செய்ய வேண்டும் என்றும் ஐரோப்பியச் சட்டம் இருக்கிறது. தண்ணீர் படும் இடத்தில் பாவிப்பதற்கென்றே செய்த சாதனங்களுக்கு அதில் விலக்கு உண்டு. "குளித்துக்கொண்டே வாசிக்கலாம்" என்று விளம்பரம் செய்கிறவர்கள் அந்த வாசலால் நழுவாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான் கேட்பது மூன்று. ஈ-றீடரையும் அந்தப் பட்டியலில் சேருங்கள். உத்தரவாதம் முடிந்த சாதனத்தின் போட் வரைபடத்தை வெளியிடுங்கள். கையில் தொழிலோடு வந்து நிற்கும் அகதியைக் கடதாசி கேட்க முதல், வேலை செய்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். இன்று சிரியாவிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் வந்த பொடியளுக்குள் எத்தனை "றேடியோ"க்கள் இருப்பார்களோ. அவர்களும் கோப்பை கழுவித்தான் முப்பது வருசம் முடிக்க வேண்டுமா?

எங்கடை ஆக்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கோபிக்க வேண்டாம்.

ஹைமில் இருந்தபோது ஸ்பெர்முல் பொறுக்காத தமிழன் யார்? நாங்கள் படுத்த மெத்தை, சமைத்த அடுப்பு, பார்த்த ரெலிவிஷன் எல்லாம் அங்கிருந்து வந்ததுதான். இப்போது அதைச் சொன்னால் முகம் சுளிக்கிறோம். கலியாண வீட்டில் நான் இந்த ஈ-றீடர் கதையைச் சொல்ல, ஒருவர் கேட்டார், "அண்ணை, உங்கடை பிள்ளையள் நல்லா உழைக்கினம் தானே, ஏன் இன்னும் குப்பை கிளறுறியள்?" சபை சிரித்தது. நானும் சிரித்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் வலித்தது. எறிகிறது பணக்காரத்தனம், திருத்துகிறது ஏழைத்தனம் என்று எப்போதிருந்து நாங்கள் நினைக்கத் தொடங்கினோம்? பிள்ளை டொக்டராக வேண்டும், இஞ்சினியராக வேண்டும். அவுஸ்பில்டுங் செய்து கைத்தொழில் பழகப் போகிறேன் என்றால் வீட்டில் செத்தவீடு. 2019 இல் ஊருக்குப் போனபோது யாழ்ப்பாண நகரத்தில் ஒரு பொடியன், இருபது வயதிருக்கும், நுணுக்குக்காட்டிக்குக் கீழே போன் போட்டில் ஈயம் வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அரை மணித்தியாலம் நின்று பார்த்தேன். அந்தக் கை இங்கே வந்தால் நாளைக்கு அதுவும் கோப்பை கழுவும். அதையும் நாங்கள் "செற்றில் ஆகிட்டான்" என்று சொல்லுவோம்.

ஈ-றீடர் வேலை செய்கிறது. குறிப்புகளை முதல் வேலையாகப் பிரதி எடுத்து மூன்று இடத்தில் வைத்துவிட்டேன். மகள் போன கிழமை வந்தபோது அதைக் கையில் எடுத்து, வாயைத் தடவிப் பார்த்தாள். "நீங்களே செய்தனீங்களோ?" என்று கேட்டாள். பிறகு, "அப்பா, என்ரை ஹெட்போனிலும் ஒரு பக்கம் கேக்குதில்லை..." என்று மெல்ல இழுத்தாள்.

"விடு பிள்ளை, புதுசு வாங்கலாம்" என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

வருகிற மூன்றாம் சனிக்கிழமை அந்த மண்டபத்தில் எனக்கும் ஒரு மேசை தருகிறார்கள். சம்பளம் இல்லை. கேக்கும் கோப்பியும் உண்டு. அண்ணையின் கடையில் இருந்த அதே சம்பளம்தான். உங்கள் வீட்டு லாச்சிக்குள் செத்துக் கிடப்பது எதுவென்றாலும், எறிய முதல் ஒருக்கால் திறந்து பாருங்கள். பெரும்பாலும் ஒரு சொட்டு ஈயம்தான் குறைவாக இருக்கும்.